வயிற்றுப்போக்கு என்ற மூலக்கூறு

லயத்தில் ரகசியம் காக்கலாம் என்று சொல்பவர் லயத்தில் இருந்திருக்க மாட்டார். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகளாக நிற்கும் எங்கள் லயத்தின் நடுச்சுவர்கள் கூரை வரை போவதில்லை. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் "நூறு" என்பார்கள்.

ஆராய்ச்சி மாணவியாகச் சேர எனக்குப் போனில் வீடியோ நேர்முகத் தேர்வு. முந்தைய தேர்வில் நான் திணறியதை லயமே வாசலில் நின்று பார்த்திருந்தது. (பிறகு அவர்கள் சொன்ன ஆறுதலுக்குத் தோல்வியே தேவலை.) இதுவும் போனால் பதுளையில் கார்மென்ட் வேலைக்குப் போவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

கெட்ட பக்டீரியாக்கள் இரசாயனத்தால் பேசிக்கொள்ளும். போதிய கூட்டம் சேர்ந்ததும் ஒன்றாகத் தாக்கும். அந்தச் செய்தியைப் போலவே ஒரு போலி மூலக்கூறு செய்து, செய்தி போய் உட்காரும் இடத்தில் முந்திக்கொண்டு உட்கார வைத்தால் பேச்சு நின்றுவிடும். இதுதான் என் ஆராய்ச்சி. தேர்வுச் செய்தி பரவாமல் இருக்க, லயத்திலும் இதையே செய்தால் என்ன என்று தோன்றியது.

"பக்கத்து வீட்டு செல்வி அத்தைகிட்ட எனக்கு வயித்தால போகுதுன்னு சொல்லுங்கம்மா. ஒருத்தரும் கிட்ட வரமாட்டாங்க."

"பொய் சொல்லணுமாடி?"

"பொய் இல்லம்மா, மூலக்கூறு."

திரையில் மூன்று பேராசிரியர்கள். போலி மூலக்கூறு பற்றி நான் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. செல்வி அத்தை கையில் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணி. பின்னால் கொய்யாக் கொழுந்து, மாதுளம் தோல், பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி சகிதம் மொத்த லயம்.

"எத்தன தடவ போச்சு பாப்பா?"

"அத்தை, நான் பேசிக்கிட்டு இருக்கேன்."

"பேசாத, தெம்பு போயிரும். மொதல்ல இத குடி."

குடித்தேன். தமிழ் தெரிந்த பேராசிரியர் மற்ற இருவருக்கும் நிதானமாக மொழிபெயர்த்தார். பிறகு, உடம்பு சரியில்லை என்றால் தேர்வைத் தள்ளிப்போடலாமே என்றார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

மூவரும் சிரித்து ஓய்ந்ததும், "சில போலிகள் பேச்சைத் தடுக்காமல் தூண்டிவிடும். உங்களுடையதில் எங்கே பிழை?" என்று தமிழ் தெரிந்தவரே கேட்டார்.

"செய்தி போய் உட்காரும் இடத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை, சார். நோய் என்றால் எங்கள் லயம் விலகாது, வரும்."

அன்று நான் சொன்னவற்றில் அவர்கள் குறித்துக்கொண்ட பதில் அது ஒன்றுதான். இடம் கிடைத்தது.

கிடைத்தது தன் கொத்தமல்லித் தண்ணியால்தான் என்கிறார் அத்தை. அம்மா எல்லாவற்றையும் அவரிடம் உளறியும்விட்டார். இப்போது லீவுக்குப் போய் லேசாக இருமினாலும் சுவருக்கு மேலே குரல் வருகிறது:

"பாப்பா, இது நெசமா, மூலக்கூறா?"