பெஞ்சுகளை மேற்கே திருப்பிய கலியாணசுந்தரம்

கேளுங்கள்! அலைகடல் தாலாட்டும் மலாக்கா மாநகரின் காஜா பேராங் வீதியிலே, அரிசி அருகிக் கிழங்கு பெருகிய ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டிலே, படை திரட்டாமல், வாளெடுக்காமல், ஐந்தே ஐந்து பெஞ்சுகளின்மீது போர் தொடுத்த மாவீரன், கணக்கெழுதும் கிராணிகுலத் திலகன், ஒற்றைக் காதில் தொங்கும் மூக்குக் கண்ணாடிக்காரன், பேசத் தொடங்கினால் தன் பசியை மறப்பவன், கேட்போர் பசியை நினைக்கவே மாட்டாதவன், கலியாணசுந்தரம் என்னும் திருப்பெயரினன் வாழ்க! கலைமகளே, அவன் நாவில் நீ குடியிருந்தது போதும். இன்று ஒரு பொழுது என் நாவுக்கு வந்து போ. நான் சொல்லப்போவது அவனுடைய கால்சட்டையைப் பற்றி.

முன்னாளில் அவனிடம் நான்கு வேட்டிகள் இருந்தன. பஞ்சம் என்னும் பெருவேந்தன் திறை கேட்டு வந்தபோது, ஒன்று செங் என்னும் ஊர்ப்பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்காக மாறியது. ஒன்று உப்பாகவும் தேங்காயெண்ணெயாகவும் கரைந்தது. ஒன்று பிள்ளைகளின் சட்டையாயிற்று. நான்காவது, மாமனாரைப் போர்த்திக்கொண்டு சுடுகாட்டுக்குப் போயிற்று. எஞ்சி நின்றது வெள்ளைக் கால்சட்டை ஒன்றே. நாற்காலியில் அமர்ந்து அமர்ந்தே உத்தியோகம் பார்த்த அந்தக் கால்சட்டையும், எந்த இடத்தால் உத்தியோகம் பார்த்ததோ அந்த இடத்தில் கிழிந்தது. அவன் மனைவி கமலவேணி ஊரெல்லாம் அலைந்தும் வெள்ளைத் துணி ஒரு சாண்கூடக் கிடைக்காமல், பழைய குடையொன்றை அறுத்துக் கறுப்பு ஒட்டுப் போட்டாள். தையலில் ஒரு குறையும் இல்லை. நிறந்தான் பௌர்ணமி நிலாவில் அடுப்புக்கரியை அப்பினாற்போல் இருந்தது.

“நேரா நின்னு பேசுங்க. திரும்பாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது” என்று சொல்லித்தான் அவள் அவனைச் சொற்பொழிவுக்கு அனுப்பினாள்.

திரும்பாமல் இருக்க முடிந்தால் காவியம் எதற்கு? அந்நாளில் எந்தக் கூட்டமானாலும் தொடங்குமுன் எல்லாரும் எழுந்து, ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் கிழக்குத் திசையை நோக்கி, இடுப்பு முறிய வளைந்து வணங்கியாக வேண்டும். வளைவு போதாதென்று அதிகாரிக்குத் தோன்றினால் கன்னத்தில் அறை விழும். செட்டிகள் குடியிருப்பான கம்போங் செட்டியில், கோயிலை ஒட்டிய கூடத்திலோ, மேசை கிழக்குச் சுவரோரம். பெஞ்சுகள் எல்லாம் அதைப் பார்த்தபடி. மேசைக்குப் பின்னே நிற்பவன் கிழக்கே திரும்பினால், குடைத்துணி முழுவதும் சபைக்குத் தரிசனமாகும். அதுவும் எப்படிப்பட்ட சபை! போர் வந்தபின் அவனுக்குக் கிடைத்த முதல் மேடை அது. பேசப்போகும் பொருளோ, பாய்மரக் கப்பலேறி மலாக்காவுக்குத் துணி கொண்டுவந்த நம் முன்னோரின் பெருமை. துணி வணிகர் பெருமை பாட வந்தவன் குடைத்துணியைக் காட்டிக்கொண்டு நிற்பதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்று நினைத்தான், மானமுள்ள நம் கலியாணசுந்தரம்.

ஆகவே கூட்டம் கூடுமுன்னே களம் புகுந்தான். கைகளைப் பின்னே கட்டி, சுவரோரமாகவே நண்டுபோல் நடந்து, நாற்றிசையும் நோக்கி, மேகம் முழங்கினாற்போல் ஓர் ஆணையிட்டான்:

“உரைப்போன் கிழக்கு நோக்கி நின்றாலன்றி உரை பலியாது! மேசை மேற்கே செல்க! பெஞ்சுகள் திரும்புக!”

எந்தச் சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கும் தெரியாது. அங்கிருந்த செட்டிகள் அந்தப் பழைய வணிகரின் வழிவந்தவர்கள், விபூதியும் விரதமும் தவறாதவர்கள், ஆனால் வாய் திறந்தால் மலாய்தான் வரும். எனவே அந்தச் செந்தமிழ் ஆணையை அவனே இரண்டாம் முறை மலாயில் இட வேண்டியதாயிற்று. கூட்டம் முடிந்ததும் அவித்த கிழங்கு உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் ஆகையால் மறுபேச்சு இல்லாமல் மேசையைத் தூக்கினார்கள். நான்கு பெஞ்சுகள் திரும்பின. ஐந்தாவது திரும்பவில்லை.

அந்த ஐந்தாவது, கடைசிப் பெஞ்சு. அதிலே மேற்குச் சுவரில் முதுகைப் பதித்து, ஈயும் எறும்பும் வருமுன்னே வந்து அமர்ந்திருந்தவர், கோயில் தர்மகர்த்தா நடராஜன். எந்தக் கூட்டத்திலும் முதல் பெஞ்சின் நடுவே அமர்ந்து மாலை வாங்கிப் பழகிய பெருந்தகை, இன்று எதற்காகக் கடைசிக்குப் போனார் என்று நம் வீரன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. தன் முதுகே பெரிதென்று இருப்பவனுக்கு அடுத்தவன் முதுகு எங்கே தெரியும்?

“ஆப்பா பாசால் மாவ் பூசிங்?” எதற்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டார் நடராஜன். எழுந்திருக்கவில்லை.

மூண்டது பெரும்போர். இரும்பாய்க் கனக்கும் செங்கால் என்னும் மரத்தாலான அந்தப் பெஞ்சின் ஒரு தலையைக் கலியாணசுந்தரம் பற்றி இழுக்க, மறு தலையை உட்கார்ந்தபடியே நடராஜன் தொடையிடுக்கில் கவ்விக்கொள்ள, ஒருவர்க்கொருவர் முகம் மட்டுமே காட்டி, முதுகு காட்டா மறவர் இருவரும் பொருத காட்சியைக் கண்டு, சுவர்ப்பல்லிகள் இரண்டு உத்தரத்துக்கு ஓடின. புறமுதுகிடாமை தமிழர் அறம் என்பார்கள். அந்த அறம் அன்றைக்குப்போல் என்றைக்கும் காக்கப்பட்டதில்லை. இழுத்த இழுப்பில் குடைத்துணித் தையல் ‘டர்’ என்று ஒரு சொல் சொன்னது. கலியாணசுந்தரத்துக்கு வியர்த்துக் கொட்டியது.

அப்போது வீதியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நம் வீரன் குனிந்து, அதிகாரி வரும்போது கூடம் அலங்கோலமாகக் கிடந்தால் முதல் அறை தர்மகர்த்தாவுக்குத்தான் என்று மெல்ல ஓதினான். பிரம்மாஸ்திரம் தப்புமா? நடராஜன் எழுந்தார், பெஞ்சு முன்னே வந்து திரும்பியது, அதுவரை கடைசியாக இருந்தது மேசைக்கு நேர் எதிரே முதல் பெஞ்சாயிற்று. சட்டை நுனியைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி அவர் அதிலேயே உட்கார்ந்தார். வென்றவனை அவர் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. வென்றவனுக்குக் கோபம் மட்டுமே தெரிந்தது.

அதிகாரி வந்தார். இடுப்பில் வாள், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கிழக்கு வாசலிலேயே நின்று, தெருப்பக்கம் முகம் திருப்பி ஒரு குரல் கொடுத்தார். சபை முழுவதும் எழுந்து கிழக்கே திரும்பிற்று. கலியாணசுந்தரமோ திரும்ப வேண்டியதே இல்லை! அவனுக்குக் கிழக்கு நேர் எதிரே. பின்னே இருந்தது சுவர் மட்டுமே. என்ன மதி, என்ன சூழ்ச்சி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு, மலாக்காவில் எவனும் வளையாத வளைவு வளைந்து வணங்கினான். வணங்கியவன், வெற்றியின் செருக்கில் கண்ணை மட்டும் சற்றே உயர்த்தினான்.

உயர்த்தியிருக்க வேண்டாம். முழக்கோல் தூரத்தில் நடராஜனின் வளைந்த பின்புறம். அதிலே, யார் வீட்டுச் சன்னல் திரையிலிருந்தோ வெட்டிய ரோஜாப்பூக்கள், சிவப்புச் சிவப்பாய். அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு அரிசிக் கோணி. ‘ரங்கூன்’ என்ற எழுத்து அழியாமல் இருந்தது, அரிசிதான் இல்லை. அடுத்த வரிசையில் ஒருவருக்கு ரப்பர்ப் பாலை வைத்து ஒட்டிய ஒட்டு. அதற்கப்பால் ஒருவருக்கு ஒட்டே இல்லை, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வணங்கினார். பெண்கள் நின்ற பக்கம் அவன் பார்க்கவில்லை. அந்த மட்டும் அவன் கண்ணியன்.

வெற்றி வாயில் புளித்தது. தன் கிழிசலை மறைக்க ஊர்க் கிழிசலையெல்லாம் விரித்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதரை இழுத்துவந்து நடுவில் நிறுத்தியிருக்கிறான். வணக்கம் முடிந்து எல்லாரும் திரும்பினார்கள். நடராஜன் அவன் முகத்தைப் பார்த்தார். இவன் பார்த்துவிட்டான் என்று புரிந்துகொண்டு தலையைக் குனிந்தார். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தைக் கலியாணசுந்தரம் அங்கேயே கைவிட்டான்.

என்ன சொல்லுவேன், எப்படிச் சொல்லுவேன்! நகைக்கு அஞ்சாத நெஞ்சன், நாணத்தை நாணச் செய்தவன், மேசைமேல் இருந்த சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்தான். சுவரில் கப்பல் வரையப்போகிறேன் என்றான். சட்டையைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டு, மெல்ல, நிதானமாக, அத்தனை பேருக்கும் நடுவே, மேற்கே திரும்பினான்.

நிலவும் கரியும் ஒருங்கே உதித்தன. சுவரில் ஆற்றை வரைந்து, கப்பலை வரைந்து, நங்கூரத்துக்கு நன்றாகக் குனிந்தும் வரைந்துவிட்டு, திரும்பாமலேயே பேச்சுத் தமிழில் சொன்னான்:

“ஒரு காலத்துல இந்த ஊருக்கே துணி குடுத்தவங்க நாம.”

பிறகு அதையே மலாயில் சொன்னான். முதலில் சிரித்தவர் நடராஜன். ஒரு செருமலாகத் தொடங்கி, தோள் குலுங்கி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ரோஜாப்பூவும் ரங்கூனும் ரப்பர்ப் பாலும் சேர்ந்து சிரிக்க, கூடமே அதிர்ந்தது. இரண்டு ஆண்டாக அந்தக் கூடத்தில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அதிகாரி விருட்டென்று உள்ளே வந்தார். சிரிப்பு அறுந்தது. சிரிக்க என்ன இருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் அதட்டினார். கலியாணசுந்தரம் சுண்ணாம்பும் கையுமாக நிற்க, அவனுக்கும் வாளுக்கும் நடுவே எழுந்து நின்றார் தர்மகர்த்தா. சட்டை நுனியை அவர் இப்போது பிடிக்கவில்லை.

“செரித்தா லாமா, துவான்” என்றார். பழைய கதை, ஐயா.

அதிகாரி சுவரைப் பார்த்தார், கப்பல் இருந்தது. தலையசைத்துவிட்டுப் போனார். அவர் பூட்ஸ் சத்தம் தெருமுனை தாண்டும்வரை, விற்பிடித்த வீரரும் வேற்பிடித்த வேந்தரும் காணாத பேரமைதியில் அந்தச் சபை வீற்றிருந்தது.

பிறகு கிழங்கு வந்தது, ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.