உஷார் தேடிய ஹெட்போன்

நூலகத்தின் வாசிப்பு அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அவருடைய சுட்டுவிரல்தான். அது எப்போதும் உதட்டின் மேலேயே குடியிருக்கும். பதினாறு வருடமாக அந்த அறைக்குக் கண்காணிப்பாளர். நாற்காலி நகர்ந்தால் 'உஷ்'. தும்மல் வருகிற மாதிரி ஒரு முகம் கோணினால், தும்முவதற்கு முன்பே 'உஷ்'. வாசகர்கள் அவரை 'உஷ் சார்' என்று கூப்பிட ஆரம்பித்து, அவசரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு 'உஷார்' ஆகிவிட்டது. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அப்பேர்ப்பட்ட உஷாருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மானம் போனது.

இரண்டு மணிக்கு மேல் அவருக்குப் புதிதாக வந்த புத்தகங்களைப் பதிவு செய்கிற வேலை. அதற்குக் கையும் கண்ணும் போதும், காது சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கிற காதுக்கு ஒரு பாட்டைக் கொடுப்போமே என்று, ரயில் நிலைய வாசலில் வாங்கிய ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பழைய காதல் பாட்டு. அவர் காதுக்குள் ஆணும் பெண்ணும் அடக்கமாகத்தான் பாடினார்கள். ஆனால் அந்த ஹெட்போன் உள்ளே பாதி ஊற்றி, வெளியே பாதி ஒழுகவிடுகிற ரகம். பேனா உருண்டால் கேட்கிற அறை அது. நாற்பது பேர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மேசையில் தினமும் உட்காரும் ஓய்வுபெற்ற நீதிபதி எழுந்து வந்து, ஒரு துண்டுச் சீட்டை உஷாரின் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உஷார் அதைப் பிரித்துப் பார்த்தார். 'இரண்டாவது சரணத்தில் பெண்குரல் சரியாகக் கேட்கவில்லை' என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் உஷார் மனைவியிடம் ஒரு சபதம் செய்தார். இனி வாங்கினால் உலகத்திலேயே உசத்தியான ஹெட்போன். வெளிச் சத்தம் ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது, உள் சத்தம் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. ரயிலுக்கும் ஆகவேண்டும், நூலகத்துக்கும் ஆகவேண்டும். மனைவி ஜன்னலோரம் தலையைச் சாய்த்து, கண்ணை மூடியபடி "ம்" என்றாள்.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக். ஒரே கூடத்தில் இருநூறு மெஷின் கடகடவென்று ஓடும். அதற்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போவாள். திடீரென்று நிற்பாள். "நாற்பத்தி மூணை நிறுத்துங்க, பாபின் கேஸ் தேய்ஞ்சிருக்கு" என்பாள். கழற்றிப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். நாளெல்லாம் காதால் உழைக்கிறவள் என்பதாலோ என்னவோ, வாயால் அதிகம் உழைக்கமாட்டாள். உஷார் நாலு பக்கம் பேசினால் அவள் நாலு எழுத்து பேசுவாள். அதில் மூன்று 'ம்'.

உஷார் கதை வேறு. பகலெல்லாம் உதட்டில் விரல் வைத்து அடைத்த பேச்சு, சாயங்காலம் மடை உடைந்துகொண்டு வரும். காலையில் நூலகம் திறப்பதற்குள் கொஞ்சம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் உண்டு. இருவரும் ஒரே ரயிலில்தான் போய்வருவார்கள். அம்பது நிமிடம். அவருடைய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் அவள் இறங்குவாள்.

மூன்று மாதம் ஆராய்ச்சி நடந்தது. படிக்கப் படிக்க உஷார் மலைத்துப்போனார். அதுவரை அவர், காதை மெத்தை வைத்து அடைப்பதுதான் வித்தை என்று நினைத்திருந்தார். விஷயம் அப்படி இல்லையாம். ஹெட்போனின் வெளிப்பக்கத்தில் கடுகளவு மைக்குகள் இருக்கின்றனவாம். அவை வருகிற சத்தத்தை ஒட்டுக்கேட்டு, அந்தச் சத்தம் எழும் இடத்தில் தாழ்ந்தும், தாழும் இடத்தில் எழுந்தும், அச்சு அசலாக எதிர்ச் சத்தம் ஒன்றை உண்டாக்கி மோதவிடுமாம். இரண்டும் கட்டிப் புரண்டு காணாமல் போகுமாம். "சத்தத்தைச் சத்தத்தை வச்சே தீர்த்துக்கட்டுறாங்கம்மா. இதைக் கண்டுபிடிச்சவன் மனுஷனே இல்ல" என்று ரயிலில் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. "ம்" என்றாள்.

அதன் பிறகு மூடிய கிண்ண வகை, திறந்த கிண்ண வகை என்று ஒரு வாரம் போனது. திறந்தது கேட்க அருமை, ஆனால் ஊருக்கே கேட்கும். அடுத்த வாரம் காதுமெத்தையின் தோல். அதற்கடுத்து பேட்டரி. காதுத் துளைக்குள் செருகுகிற சின்ன இயர்போன்களை மட்டும் பத்து நாள் விடாமல் திட்டினார். அது ஹெட்போன் வம்சத்திலேயே சேராது, மூக்கடைப்புக்கு மருந்து மாதிரி காதடைப்புக்கு ஒரு சாமான் என்றார். கடைசியில் ஒரே ஒரு பெரிய மாடல் தேறியது. அதன் விலையைப் பார்த்ததும் அவருடைய சொந்தக் காதே ஒரு நிமிடம் அடைத்துக்கொண்டது.

இதை வீட்டில் எப்படி ஒப்புக்கொள்ள வைப்பது? அதற்கும் உஷாரிடம் ஒரு விதி இருந்தது. பதினாலு வருடக் குடித்தனத்தில் அவரே கண்டுபிடித்த விதி. அவர் நீலத் திரைச்சீலை என்றால் மஞ்சள் வரும். மரக் கட்டில் என்றால் இரும்புக் கட்டில் வரும். அவர் எதைக் காட்டுகிறாரோ அதற்கு நேர் எதிர்தான் வீட்டுக்குள் நுழையும். அப்படியானால் கடைக்குப் போய், பெரிய ஹெட்போனைத் தூற்றிவிட்டு, அந்தக் குட்டி இயர்போனைப் போற்றினால் தீர்ந்தது. எதிர்ச் சத்தம் மாதிரி எதிர்ப் பேச்சு. தன் புத்தியை எண்ணி உஷார் தானே வியந்துகொண்டார்.

சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனார்கள். சுவரெல்லாம் கனத்த துணி ஒட்டிய ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. நரைத்த மீசை வைத்த கடைக்காரர் அந்த ஹெட்போனைப் பிறந்த குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் எடுத்து வந்து, உஷாரின் தலையில் வைத்து, பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

உலகம் போய்விட்டது.

ஏ.சி. போய்விட்டது. வெளியே தெருவில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் போய்விட்டன. கடைக்காரரின் மீசை அசைந்துகொண்டிருந்தது, அதற்குக் கீழே இருந்து எதுவும் வரவில்லை. அமைதிக்காகவே சம்பளம் வாங்கிய உஷார், அமைதி என்று ஒன்றை அன்றுதான் முதல் தடவையாகச் சந்தித்தார். தன் மூச்சு உள்ளே போய் வெளியே வருவது கேட்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு வயலின். வில் கம்பியைத் தொடுவதற்கு முன் வாசிக்கிறவர் மெல்ல மூச்சை இழுத்ததுகூடக் கேட்டது. முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்காக மட்டும் வாசிக்கிறார் என்று தோன்றியது. பதினாறு வருடமாக நாற்பது பேரிடம் தான் கேட்டுக் கெஞ்சியது இதைத்தானா என்று நினைத்ததும் கண்ணில் நீர் முட்டியது. திட்டம் நினைவுக்கு வந்து, அதை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடுத்தது மனைவியின் முறை. மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் புருவங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு கோடு இருக்கும். மெஷின்களைக் கேட்டுக் கேட்டு விழுந்த கோடு. தூக்கத்தில்கூட அது போனதை உஷார் பார்த்ததில்லை. இப்போது அது மெல்ல அவிழ்ந்தது. பத்து வயது குறைந்துபோனாள். பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தவள், இடது பக்கம் ஒரு இழை சத்தம் கம்மியாக இருக்கிறது என்றாள்.

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்றார் கடைக்காரர். இந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஆயிரம் பேர், ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை என்றார். ஆனாலும் ஒரு கருவியைக் கொண்டுவந்து சோதித்தார். முகம் மாறியது. இடது காதுமெத்தை ஒரு மூலையில் சரியாக உட்காராமல், மயிரிழை இடைவெளி விட்டிருந்தது. அழுத்திவிட்டு, மறுபடி மாட்டக் கொடுத்தார். அவள் தலையாட்டினாள். அம்மா எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்ட குரலில் பக்தி இருந்தது. ஒலிப்பதிவுக் கூடம் என்று பதில் வரும் என எதிர்பார்த்திருப்பார். தையல் மெஷின் ரிப்பேர் என்று கேட்டதும் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

பதினாலு வருடம் கூடவே வாழ்ந்த காதை உஷாரும் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தார். இருந்தாலும் வந்த வேலையை விடமுடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு தூற்றத் தொடங்கினார். பெரிசு ரொம்பக் கனம், கழுத்து போய்விடும், காது வேர்க்கும், பார்க்க விமானம் ஓட்டுகிறவன் மாதிரி இருக்கும். இந்தக் குட்டி இயர்போனைப் பாரேன், எவ்வளவு லட்சணம்.

"சரிங்க" என்றாள்.

உஷாருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்னது?"

"உங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்குன்னா அதையே எடுத்துக்கோங்க."

"நல்லா யோசிச்சியா?"

"நான் யோசிக்க என்ன இருக்கு? உங்க காதுதானே."

பதினாலு வருட விதி ஒரு நொடியில் காலை வாரிவிட்டது. உஷார் பெரிசைப் பார்த்தார், சின்னதைப் பார்த்தார். அதற்குள் அவள் கடைக்காரர் பக்கம் திரும்பியிருந்தாள். பேசுகிற சத்தமும் நிற்குமா என்று கேட்டாள். ரயில் இரைச்சல் ஒரே மாதிரி வருவதால் எல்லா மாடலும் பிடித்துவிடும், மனுஷக் குரலைத்தான் பிடிப்பது கஷ்டம் என்றார் கடைக்காரர். இந்தப் பெரிசைப் போட்டுக்கொண்டு ஒரு பாட்டை லேசாக ஓடவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலும் எட்டாது என்று உறுதி கொடுத்தார்.

"அப்போ அவருக்கு அந்தச் சின்னது. எனக்கு இந்தப் பெரிசு. என் பேர்லயே பில் போடுங்க" என்றாள்.

தெருவில் இறங்கி நடந்தார்கள். தொழிற்சாலையில் போட்டுக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டார். அங்கே காதை மூடினால் தன் வேலையே போய்விடும் என்றாள். காலையும் மாலையும் ரயிலில் மட்டும் போட்டுக்கொள்வாளாம்.

"அப்போ பகல்ல?" என்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"பகல்ல நீங்க வச்சுக்கோங்க. இறங்கும்போது குடுத்துடுறேன். சாயங்காலம் ஏறினதும் வாங்கிக்கிறேன்."

உஷாருக்குத் தரையில் கால் பாவவில்லை. நூலகத்தில் எட்டு மணி நேரம் அது அவருடையது. நீதிபதிக்கு இனி முதல் சரணமே கேட்காது. ரயிலில் வெறும் அம்பது நிமிடம் அவளுடையது, போனால் போகட்டும். திட்டம் கோணலாகப் போயும் பலன் நேராக வந்து சேர்ந்ததை நினைத்து ஆச்சரியப்பட்டார். அந்த மகிழ்ச்சியில், தான் சின்னதைக் கேட்டும் அவள் ஏன் பெரிசை எடுத்தாள் என்று கேட்டுவிட்டார்.

"பத்து நாள் விடாம அந்தச் சின்னதைத் திட்டினீங்க. இன்னைக்குத் திடீர்னு கொஞ்சினா எனக்குத் தெரியாதா?"

உஷார் நடப்பதை நிறுத்தினார். "நீ அதெல்லாம் கேட்டுட்டா இருந்தே?"

"ஓடுற ரயில்ல இருந்து வேற எங்க போறது?"

திங்கட்கிழமை காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் பெரிசை எடுத்து மாட்டி, பொத்தானை அழுத்தினாள். உஷார் தன் சின்னதைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. பேசுகிறவருக்குக் காதில் அது எதற்கு? மெத்தையை எப்படித் துடைக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். மாலையில் கைமாறும்போது எப்படிப் பிடிக்கவேண்டும் என்று போனார். பேட்டரிக்கு வந்தார். அவள் ஜன்னல் வழியே ஓடுகிற கட்டிடங்களைப் பார்த்துக்கொண்டு அழகாகச் சிரித்தாள். அவ்வப்போது தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் தன் பேச்சைவிட்டு விலகி ஏதோ ஒரு தாளத்தோடு போவதை, அரைமணி நேரம் கழித்துத்தான் உஷார் கவனித்தார்.

பேச்சை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். பெட்டியில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். எதிரே வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் கைப்பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் யாரோடும் பேசவில்லை. நிறுத்தவேண்டிய மனுஷக் குரல் என்று அந்தப் பெட்டியில் இவ்வளவு நேரம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

மெதுவாக மனைவியின் தோளைத் தொட்டார். அவள் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினாள்.

"நான் பேசுறது கேக்குதா?"

"ஒரு எழுத்துகூட இல்லைங்க. நீங்க தேடிப் பிடிச்சதாச்சே" என்று மனசாரச் சொல்லிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டாள். புருவத்துக்கு நடுவே இருந்த கோடு அவிழ்ந்தது.

உஷார் சத்தத்தை அழிக்கிற வித்தையைக் கண்டுபிடித்தவர்களை மூன்று மாதமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்ட ஒரு மூளை, மூன்று மாதமும் அவர் தோளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. மாடலைத் தேடும் வேலையை அவரிடமே விட்டு, கடைசியில் அவருக்கு எதிராகவே அதை வாங்கியும் விட்டது. கோபப்படலாமா என்று ஒரு கணம் பார்த்தார். வியந்து முடியவே நேரம் போதவில்லை.

எதிரே இருந்த நர்ஸ், பாவம், ரொம்ப நேரமாக உஷாரையும் அவர் மனைவியின் காதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எந்தக் கடைன்னு சொல்லுங்க சார், என் வீட்டுக்காரரும் உங்களை மாதிரிதான்."