அழுகிய தக்காளியும் அம்மாவின் கையும்

மாரண்டஹள்ளி

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, பிரியதர்ஷினி வணக்கத்துடன் எழுதுவது. லோடு இறக்கும் ஊரிலெல்லாம் நல்ல சாப்பாடும் தூங்க நிழலும் கிடைக்கட்டும்.

நடந்ததை நடந்தபடி உண்மையாகப் பதிவு செய்கிறேன். போனில் கேட்டால் அம்மா "நல்லா போவுதுங்க" என்று மட்டும்தான் சொல்வார். தம்பி மாதவராஜின் வீடியோ கால் வகுப்பால் பலனில்லை என்றால் இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்றீர்கள். முடிவெடுக்க உங்களுக்குச் சான்று தேவை.

முதலில், வகுப்பு தம்பிக்கு இல்லை, அம்மாவுக்கு. இது தெரியாமல் தம்பிக்குப் பவுடர் போட்டுப் போன் முன்னால் உட்கார வைத்தோம். வகுப்பு எடுக்கும் கனிமொழி மேடம், "ஆட்டிசம் இருக்கற புள்ளைங்க, இப்பவே பேச வெக்க வேண்டாம். அவன் செய்யறதையே நீங்களும் பக்கத்துல உக்காந்து செய்யுங்க. உங்ககூட இருக்கறது அவனுக்குப் புடிக்கணும், அதான் வேலை" என்றார். தம்பி வழக்கம்போல் தக்காளியை வரிசையாக அடுக்கினான், அம்மாவும் அடுக்கினார், ஆனால் தக்காளி மண்டியில் தினமும் தரம் பிரிக்கிற கை சும்மா இருக்குமா, நசுங்கினதை எடுத்து அந்தப் பக்கம் போட்டுட்டாங்க, தம்பி கத்தினான், மேடம் "திருப்பி வெச்சிடுங்க" என்றார், அம்மா "அழுகுனத எப்பிடிங்க மேடம் நல்லதோட வெக்கறது, மத்ததும் கெட்டுடுங்களே" என்றார், "இது விக்கறதுக்கு இல்லீங்க" என்றார் மேடம், அதற்குள் பக்கத்து வூட்டு செல்லி அக்கா ஜன்னலில் எட்டி "மொதல்ல இவளத் திருத்துங்க டாக்டரம்மா" என்றதில் நான் சிரித்து, போன் சாய்ந்து, மேடத்துக்குக் கூரை மட்டும் தெரிந்தது.

அடுத்தடுத்த வகுப்பிலும் இதேதான். போன வகுப்பில் அம்மா வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். இடது கை பொறுக்கியது.

தம்பி இன்றுவரை அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்னையும் வூட்டுல கெடக்கற ஒரு சாமானாத்தான் நெனைக்கிறானா கண்ணு?" என்று அம்மா என்னைக் கேட்டார். ஆகவே நிறுத்தலாம் என்ற உங்கள் கருத்தை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

தொப்பூர் இறக்கத்தில் நிதானமாக ஓட்டுங்கள்.

அன்பு மகள்,
பிரியதர்ஷினி

பி.கு.: மேலே எழுதியதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம். இப்போது தம்பி லைட் சுவிட்சைத் தட்டி விளையாடுகிறான். எப்போதும் திட்டும் அம்மா, இன்று அவன் அணைத்ததைப் போட்டார். அவன் மறுபடி அணைத்தான். அம்மா மறுபடி போட்டார். அடுப்பில் பால் இருக்கும் ஞாபகம் வந்து அம்மா நகர்ந்ததும், தம்பி அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவிட்சுக்குக் கீழே நிறுத்தி, முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்கிறது. அம்மா போகவில்லை. மேற்கொண்டு எழுத முடியவில்லை அப்பா, லைட்டை அணைத்துவிட்டார்கள்.