எருமையைக் காட்டச் சொன்னார்

புருஷன் வெளிநாட்டில் இருந்தால் பெண்டாட்டியின் காது கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யும். "எருமையைக் காட்டு" என்று அவர் சொன்னது எனக்கு "உன்னைக் காட்டு" என்றுதான் கேட்டது. தப்பு முழுக்க என்னுடையது.

எங்க வீட்டுக்காரருக்குத் துபாயில், நம்ம நாட்டு எருமைக்கறியை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் வேலை. நான் பூலாம்பாடியில் மகள் கயலோடும் ரெண்டு கறவை எருமையோடும் இருந்தேன். அவர் ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு நாள் போனில் அவசரமாகப் பேசினார்.

"செல்வி, நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு வீடியோ கால்ல வரேன். இங்க கண்காட்சி நடக்குது. பிரேசில்காரன், ஆஸ்திரேலியாக்காரன்லாம் பெரிசா கடை போட்டிருக்கான். நம்ம ஊர்ல மாடு வூட்டுலயே வளருது, எது யார் வளத்தது, என்ன ஊசி போட்டதுன்னு நம்பரோட சொல்ல முடியும்னு காட்டணும். அப்பத்தான் நம்மளத் திரும்பிப் பாப்பாங்க. எருமையையும் அது காதுல மாட்டியிருக்குற, நம்பர் போட்ட மஞ்சத் தோட்டையும் காட்டு, போதும்."

இதில் 'வீடியோ கால்ல வரேன்' மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

மறுநாள் கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டி, மூணு முழம் மல்லிகை வைத்து (மாட்டுக் கொட்டகைக்கு!) தயாராக நின்றேன். போன் வந்ததும் கேமராவை என் முகத்துக்குத் திருப்பினேன். அவர் முகம் தெரியவில்லை. சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னங்க, எளைச்சுட்டேனா? நல்லாப் பாருங்க. உங்க சட்டையத்தான் தலகாணிக்கு மாட்டி வச்சிருக்கேன். தொவைக்கவே இல்ல, வாசன போயிரும்னு."

"செல்வி, எரும... எரும..." என்றார், அழாத குறையாக.

"எரும கெடக்குதுங்க. ஒரு தடவ 'தங்கம்'னு கூப்பிடுங்க."

பின்னால் நின்ற எருமை என் மல்லிகையைக் கொண்டையோடு சேர்த்து இழுத்தது. போன் சாணியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கல்யாண மண்டபமே சிரிக்கிற சத்தம்.

"யாருங்க அது?"

"கறி வாங்க வந்தவங்க. பெரிய திரையில பாத்துக்கிட்டு இருக்காங்க. நீ பேசுறத நம்மூர்க்காரன் ஒருத்தன் அவங்களுக்கு இங்கிலீஷ்ல வேற சொல்றான்."

எருக்குழியில் இறங்கிவிடலாமா என்று இருந்தது. ஆனால் அவர் வேலை என்னாவது? முந்தானையால் (பட்டு!) போனைத் துடைத்து, எருமையின் காதைப் பிடித்து, தோட்டில் இருந்த நம்பரை ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தேன். "கோமாரி ஊசி போட்டாச்சுங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். கண்ணில் தண்ணி கொட்டியது.

அன்றைக்கு எல்லா நாட்டுக் கடையையும்விட அவங்க கடையில்தான் கூட்டமாம். ஆர்டர்தான் ஒண்ணும் வரவில்லை. வந்தவர்கள் யாரும் கறியைப் பற்றி விசாரிக்கவில்லை; "ஊருக்கு எப்போ போற?" என்று அவரைத்தான் விசாரித்தார்களாம். முதலாளிக்கே கூச்சமாகி ஒரு மாசம் லீவு கொடுத்தார். இவரும் வந்தார். அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் அவர் 'ஹலோ' சொல்வதே இல்லை. "தனியாத்தான் இருக்கேன்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். கயல் அதை வீட்டுச் சட்டமாக்கிவிட்டாள். என் தம்பி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றுகொண்டு "அக்கா, தனியாத்தான் இருக்கேன்" என்பான். வீடே சிரிக்கும்.

போன வாரமும் அவர் கூப்பிட்டார்.

"செல்வி, தனியாத்தான் இருக்கேன்."

எப்பவும் போல நான் சிரித்தேன். "நெசமாத்தான் செல்வி" என்றார்.