இயக்குநரைத் தாண்டிய கோடு

தையலக்காவின் புதுத் தையல் கடைக்கு மின் இணைப்பு வேண்டும். மின் இணைப்புக்குத் தடையில்லாச் சான்று வேண்டும். சான்றுக்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காக அவள் பதினொரு மாதமாக நான்கு மாடியும் ஏழு சன்னலுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் காலாவதியாகிறது. தவறினால் மறுபடியும் முதல் சன்னல்.

காலையில் போனால் அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒற்றை எழுத்தர் மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு மனவுறுதி தேய்ந்துவிடுகிறது என்று மேலிடம் கண்டுபிடித்திருக்கிறதாம். ஆகவே எல்லாத் துறை அதிகாரிகளும் 'கரடுமுரடுப் பாதைப் பல்திறச் சாகசப் பந்தயத்தில்' கலந்துகொண்டு, மலையேறி, சேற்றில் சைக்கிள் மிதித்து, ஏரியில் படகு வலிக்க ஆணையாம். தனக்கு முதுகுவலிச் சான்றிதழ் இருப்பதால் தன் மனவுறுதி அப்படியே இருக்கிறது என்றார்.

தையலக்கா பேருந்து பிடித்து மலையடிவாரத்துக்குப் போனாள். முதல் சோதனைச் சாவடியிலேயே இயக்குநர் கிடைத்துவிட்டார். தலைக்கவசத்தோடு ஒரு பாறைமேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண்காணிப்பாளர். அலுவலக முத்திரை அவர் பொறுப்பை விட்டு விலகக் கூடாது என்பது விதி. அதனால் அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

அவள் படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். இயக்குநர் பதறிப்போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பந்தயத்துல இருக்கிறவங்க வெளியாள்கிட்ட எந்த உதவியும் வாங்கக் கூடாதும்மா. பேனாவும் உதவிதான். முடிவுக் கோட்டைத் தாண்டினதும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வேறு வழியில்லை. இயக்குநரை ஐந்து மணிக்குள் கோட்டைத் தாண்ட வைக்க வேண்டியது தையலக்காவின் தலையில் விழுந்தது.

அரை மணி நேரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. வரைபடம் இடப்பக்கம் போகச் சொன்னது. வரைபடத்தில் மேலொப்பம் இல்லாததால் இயக்குநர் அதை நம்பவில்லை. அவள் வழி சொன்னால் அதுவும் உதவியாகிவிடும். அதனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இடப்பக்கம் நடந்தாள்.

"அந்தம்மா பின்னாடி போனா தப்பாகுமா?" என்று இயக்குநர் கேட்டார்.

கண்காணிப்பாளர் யோசித்தார். "பொதுமக்கள் பின்னாடி போகக் கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்லீங்க சார். இதுவரைக்கும் யாரும் போனதில்ல, அவ்வளவுதான்."

போனார்கள். சேற்றில் சைக்கிள் இவர்களைச் சுமக்க மறுத்ததால் இவர்கள் சைக்கிளைச் சுமந்தார்கள். ஏரியில் இயக்குநர் ஒப்புதல் வழங்கும் அதிகாரி என்பதால் துடுப்பைத் தொடவில்லை. கண்காணிப்பாளர் இடப்பக்கம் மட்டுமே வலித்தார். வலப்பக்கம் தன் பிரிவில் வராது என்றார். படகு நின்ற இடத்திலேயே ஒன்பது வட்டம் போட்டது. பிறகு காற்றுக்கே பொறுக்காமல் அது படகை அக்கரைக்குத் தள்ளிவிட்டது. தையலக்கா கரையோரமாகவே சுற்றி நடந்து, கோட்டைத் தாண்டிப்போய், படிவத்தை விரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

படகுத்துறையின் சிமெண்ட் தரையில் சுண்ணாம்பால் போட்ட வெள்ளைக் கோடு. அதற்கு ஓரடி முன்னால் வந்த இயக்குநர் சட்டென்று நின்றார்.

"செயலர் வந்துட்டாரா?"

வரவில்லை. இயக்குநருக்கும் மேலதிகாரியான செயலர் மலையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டிப் போவது மரியாதையல்ல என்பதால் மற்ற முப்பத்தெட்டு அணிகளும் அவருக்குப் பின்னால் பதவி வரிசைப்படி நின்றுகொண்டிருந்தன. தையலக்காவின் பின்னால் நடந்ததில் இயக்குநர் அணி மட்டும் அவரை எங்கேயோ முந்திவிட்டது. இயக்குநருக்கு முகம் வெளுத்தது. செயலருக்கு முன்னால் கோட்டைத் தாண்டுவதைவிட ஏரியில் விழுவது மேல் என்றார்.

மணி நான்கு ஐம்பது.

தையலக்கா கெஞ்சிப் பார்த்தாள். இயக்குநரின் கால் நகரவில்லை. அழுதால் நேரம் போய்விடும். பையைத் துழாவித் துணியில் குறிபோடும் சாக்குக்கட்டியை எடுத்தாள். ஈரக் காலால் தரையிலிருந்த கோட்டை அழித்தாள். இயக்குநரின் குதிகாலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பாவாடைக்கு மடிப்பு குறிப்பதுபோல நேராகப் புதுக் கோடு ஒன்று இழுத்தாள்.

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார்.

"நீங்க கோட்டைத் தாண்டல சார்," என்றார் அவர். "கோடுதான் உங்களைத் தாண்டியிருக்கு. அதுக்கு நாம பொறுப்பில்ல."

கையெழுத்து விழுந்தது. கண்காணிப்பாளர் கழுத்துக் கயிற்றைக் கழற்றாமல் குனிந்து முத்திரையையும் குத்தினார். மணி நான்கு ஐம்பத்தாறு.

முதலில் கோட்டைத் தாண்டியவர் என்று பதிவேட்டில் யாரையாவது எழுதியாக வேண்டுமே. இயக்குநர் தன் பெயர் வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டதால் தையலக்கா வெற்றி பெற்றவளானாள். பந்தயம் நடத்தியவர்கள் கோப்பையைக் கொடுத்துவிட்டு எப்படிப் பயிற்சி எடுத்தாள் என்று கேட்டார்கள். அவள் மனதில் பட்டதைச் சொன்னாள்: "உங்க ஆபீசுக்குத்தாங்க நடந்தேன்."

மேலிடம் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. குடிமக்களின் உடல்திறனைப் பேணுவதில் அலுவலகம் ஆற்றிவரும் அரும்பணியைக் கருதி, ஏழு சன்னல்களைப் பதினொன்றாக்கி ஆணை வந்தது. ஊர் இளைஞர்கள் பயிற்சிக்காக இறுக்கமான கால்சட்டை மாட்டிக்கொண்டு விடியும் முன்பே வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். அந்தக் கால்சட்டைகளால் தையலக்காவின் கடையும் ஓகோவென்று ஓடியது. இரண்டாவது இயந்திரம் வாங்கினாள். அதற்கும் ஒரு தடையில்லாச் சான்று வேண்டியிருந்தது.

போனாள். வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. எழுத்தர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இன்று பயிற்சிக்கு வந்தவர்கள் மட்டும் நிற்கலாம், ஏதாவது வேலையாக வந்தவர்கள் அடுத்த வாரம் வரலாம் என்று அறிவித்தார்.

யாரையாவது நாலு வார்த்தை திட்டலாமென்று தையலக்கா வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவள் தைத்த கால்சட்டையோடுதான் நின்றார்கள்.