சுடுகிற கட்டு ஜெயிக்கும்

ஓடுறாங்கய்யா, ஓடுறாங்க! காலை ஒன்பதரை மணிக்கு உயர் நீதிமன்ற வாசலில் நின்று பார்த்தால் கண்கொள்ளாக் காட்சி. வழக்குக் கட்டைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஒருத்தர் ஓடுகிறார். ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு ஒரு அம்மா ஓடுகிறார். சோறு கொண்டுபோகும் ஹாட்பாக்ஸில் கட்டை அடைத்துக்கொண்டு குடும்பமே ஓடுகிறது. கறுப்புக் கோட்டுக்குள் வயிறு புடைக்க ஒரு வக்கீல். அவர் மட்டும் ஓடவில்லை. படித்தவர் இல்லையா, வேகமாக நடக்கிறார்.

எதற்கு இந்த ஓட்டம்? கட்டு ஆறிவிடக் கூடாதாம்!

எல்லாம் சூட்டுக்கட்டு ஐயாவின் மகிமை. வாசலுக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மகான். "ஜெயிக்கிற கட்டு சுடும், தோக்கிற கட்டு சில்லுனு கிடக்கும்" என்பது அவர் வாக்கு. ஒரே ஒரு நிபந்தனை. பழைய கட்டு ஐயாவிடம் பேசாது. பக்கத்துக் கடையில் புதிதாக ஜெராக்ஸ் எடுத்து, எடுத்த கையோடு கொண்டுவர வேண்டும். ஐயா தொடுவார். கண் செருகும்.

"சுடுதா?"

"சுடுது ஐயா!"

"ஜெயம்!"

தட்டில் காணிக்கை விழும். தோற்றுப்போய்த் திரும்பி வந்தால்? "வழியில ஆறவிட்டுட்டியே பாவி!" என்று ஐயாவே தலையில் அடித்துக்கொள்வார். தோற்றவர் மூக்கைச் சிந்திக்கொண்டே கம்பளி வாங்கப் போவார்.

பொதுநல மாமா என்று ஒருவர். எதற்கெடுத்தாலும் பொதுநல வழக்குப் போடுவதே அவர் பிழைப்பு. நீதிமன்றக் கடிகாரம் ஆறு நிமிடம் பின்னால் ஓடுகிறது என்று ஒரு வழக்கு. "மனுவைப் பரிசீலிக்கவும்" என்று உத்தரவு வந்தது. கடிகாரம் அப்படியேதான் இருந்தது. மாமாவோ, "ஐயா வாக்கு பலிச்சிருச்சு, ஜெயிச்சுட்டேன்!" என்று நடுரோட்டில் குதித்தார். மறுநாள் கூட்டம் இரண்டு பங்கு.

அந்தக் கூட்டத்தில்தான் நம் தையல்காரரும் நின்றார். அப்பா விட்டுப்போன ஒரே வீடு. அதற்குப் போட்டி இரண்டு பேர்: தம்பி இவர், அண்ணன் பூட்டு ரிப்பேர்க்காரர். பத்தொன்பது வருஷ வழக்கு. வீட்டுக்கு நீதிமன்றச் சீல். ஊரார் பூட்டையெல்லாம் திறந்துவிடும் அண்ணனால் சொந்த வீட்டைத் திறக்க முடியவில்லை. தம்பிக்கோ எவனோ ஒருவனுடைய மாடிப்படிக்கு அடியில் குனிந்தபடி தைத்துத் தைத்து முதுகு போய்விட்டது. வீட்டின் கூரை பாதி விழுந்தாயிற்று. இன்னொரு மழைக்கு மீதியும் காலி.

நீதிபதி போன மாதமே ஒரு சமரசத் திட்டம் கொடுத்துவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்குள் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வழக்கு மறுபடி முதலிலிருந்து.

தையல்காரர் சம்மதிப்பதாக இல்லை. ஏன் சம்மதிக்க வேண்டும்? போன வாரம்தான் ஐயா தொட்டுச் சொல்லிவிட்டாரே, "முழு வீடும் உனக்கே!" இன்றும் ஒரு தரம் கேட்டுவிட்டால் மனசுக்குத் தெம்பு.

ஜெராக்ஸ் கடையில் கட்டை நீட்டினார். கடைக்கார அக்கா முதல் பக்கத்து வழக்கு எண்ணைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"இதே நம்பர் கட்டை இப்பத்தான் ஒருத்தருக்குக் காப்பி எடுத்துக் கொடுத்தேன். அதோ நிக்கிறாரே, அவருக்கு."

அதோ நின்றவர் அண்ணன். கட்டைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்திருந்தார்.

பத்தொன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இருவரும் முறைத்துக்கொண்டார்கள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கு ஐயா என்ன சொன்னாரு?" என்று மூத்தவரைக் கேட்டார்.

"முழு வீடும் எனக்குத்தான்னாரு."

"எனக்கும் அதைத்தான் சொன்னாரு!" என்று கத்தினார் தம்பி.

"இருக்கிறது ஒரு வீடு. அது எப்படிய்யா ரெண்டு பேருக்கும் முழுசா வரும்?" என்றார் அக்கா. "எனக்கு இந்தாளால வியாபாரம் அமோகம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்படியுமா? கொஞ்சம் இருங்க."

அக்கா தம்பியின் கட்டைக் காப்பி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்து நன்றாக ஆறவிட்டார். மெஷினில் நூறு வெற்றுத்தாளை ஓடவிட்டு எடுத்தார். இரண்டையும் ஒரே மாதிரி பழுப்புத்தாளில் சுற்றினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐயா முன்னால் வைத்தார்.

"ஐயா, இதுல எது ஜெயிக்கும்?"

ஐயா முதல் கட்டைத் தொட்டார். "ஐயோ, பிணம் மாதிரி சில்லுனு இருக்கே! இது தோத்தது." இரண்டாவதைத் தொட்டார். துள்ளினார். "ஆஹா! நெருப்பு! பக்கத்துக்குப் பக்கம் நியாயம் கொதிக்குது!"

"எந்தப் பக்கம் ஐயா?" என்று அக்கா பிரித்துக் காட்டினார். வெள்ளை. புரட்டினார். வெள்ளை. நூறும் வெள்ளை.

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"மெஷின்ல இருந்து வர்ற எந்தப் பேப்பரும் சுடும். நான் தினம் எட்டு மணி நேரம் தொடுறேன். நானும் மகான்தானா?"

ஐயா சமாளித்தார். "வெள்ளைங்கிறது... தூய்மை... வழக்கே இல்லாத நிலை..."

யாரோ ஒருத்தர் குபீரென்று சிரித்தார். அவ்வளவுதான், வாசலே சிரித்தது. வக்கீல் கோட்டுக்குள்ளிருந்து கட்டை மெல்ல உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஐயா தட்டுக் காசைச் சுருட்டிக்கொண்டு, "நான் அப்பீல் போவேன்!" என்று ஓடினார். அன்றைய ஓட்டத்தில் முதல் பரிசு அவருக்குத்தான்.

தையல்காரர் சிரிக்கவில்லை. ஆறிப்போன தன் கட்டை எடுத்து முதல் தடவையாகப் பிரித்தார். மூன்றாம் பக்கத்தில் நீதிபதியின் சமரசத் திட்டம்: தெருப்பக்கத்து அறை தம்பிக்கு, பின்பக்கம் அண்ணனுக்கு, கூரைச் செலவு இருவருக்கும். தையல் மெஷின் போடத் தெருப்பக்கத்து அறை ஒன்று போதும் என்றுதானே அவர் இத்தனை வருஷமாகத் தவித்தார்!

"அண்ணே, நீ இதைப் படிச்சியா?"

"எங்கடா படிச்சேன்? சுடுதான்னுதான் பார்த்தேன்."

"மணி பதினொன்றரை. வா, போகலாம்."

பன்னிரண்டு அடிப்பதற்குள் இருவரும் சம்மதம் சொன்னார்கள். சீலை அகற்ற உத்தரவும் கையோடு கிடைத்தது. சாயங்காலம் அண்ணனே பூட்டைத் திறந்தார்.

ஒரு மாதமாகக் கையிலேயே இருந்த தீர்வு அது. அதைத் தொட்டுப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், போர்வை போர்த்திப் பார்த்தார்கள். படித்துப் பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறதே மகாஜனங்களே, அது தொப்பி மாட்டவா?