கண்ணாடி போட்ட பத்தியம்

"குழம்பு ஏன் மாப்ள இப்படி வெளிறிப்போய்க் கிடக்கு?" என்று சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மச்சான் கேட்டார். அன்றைய வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடிக்காமல் செருப்பை மாட்டமாட்டார். படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுகிற கடை வைத்திருந்ததால் ஊரே ஃபிரேம்காரர் என்று கூப்பிடும் நம் ஆள், கையில் கரண்டியோடு விறைத்துக்கொண்டு நின்றார்.

"பூசணிக்காய், உருளைக்கிழங்கு, கொஞ்சம் பால். உங்க தங்கச்சிக்கு இதான் ஒத்துக்கும். நம்பிக்கை இல்லன்னா அங்க பாருங்க."

அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு தாள், தேக்குச் சட்டத்துக்குள் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. தக்காளி கூடாது. எலுமிச்சை கூடாது. மிளகாய் கூடாது. வினிகர் கூடாது. காபி கூடவே கூடாது. அந்தக் கடைசி வரிக்குக் கீழே டாக்டரே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளினிக்கில் கொடுத்த தாள் அது. மனைவிக்குச் சிறுநீர்ப்பையில் உபாதை. புளிப்பும் உறைப்பும் போனால் உள்ளே எரியும், வலிக்கும், நிமிஷத்துக்கு நிமிஷம் எழுந்து ஓட வைக்கும். இது எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டபோது, "அஞ்சாறு வருஷமா" என்று அவள் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஃபிரேம்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அஞ்சாறு வருஷமும் அவர் செய்ததெல்லாம், "சும்மா சும்மா எங்க எழுந்து போற? தண்ணிய குறைச்சுக் குடியேன்" என்று அதட்டியதுதான். அதோடு, குழம்பில் காரம் பத்தவில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டது வேறு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினவர்தான். கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷத்தில் வெந்நீர்கூட வைத்தறியாத மனுஷன் சமையலில் இறங்கினார். தாளில் எண்ணெய் தெறித்துவிடக் கூடாது என்று கடைக்கு எடுத்துப்போய் அட்டையில் பசை தடவி ஒட்டி, கண்ணாடி போட்டு, ஆணியடித்து மாட்டினார்.

"ஒட்டியே ஆச்சா?" என்று கேட்டாள் மனைவி.

"இனிமே பிரிக்கவே முடியாது. அப்படி ஒரு பசை" என்றார் பெருமையாக. அவள் கண்ணாடியை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு என்னவோ நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவரால் கடையை விட்டு வர முடியாததால் அவள்தான் தனியாக டாக்டரிடம் போய்வருவாள். "என்ன சொன்னார்?" என்று கேட்டால், "இதையே சாப்பிடச் சொன்னார்" என்பாள். வலியும் சில மாதத்திலேயே அடங்கிவிட்டது. ஃபிரேம்காரருக்குத் தன் பூசணிக்காய் மேல் பயங்கர நம்பிக்கை வந்துவிட்டது.

அந்தப் பூசணிக்காயைத்தான் மச்சான் இன்றைக்கு ஆஸ்பத்திரிக் கஞ்சி என்றார்.

"என் தங்கச்சி காபி இல்லாம கண்ணே முழிக்கமாட்டா. அவளப் போயி இப்படி வாயக் கட்டிப் போட்டுட்டீங்களே!"

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நிறம்தானே குறை? சிவப்பாக்கிக் காட்டினால் போச்சு. தக்காளிதான் கூடாது, பீட்ரூட்டுக்குத் தடை ஏதும் கண்ணாடிக்குள் இல்லை. பாதி பீட்ரூட்டைத் துருவிப் போட்டார். குழம்பு பொம்மைக் கடை ரோஸ் நிறத்துக்கு வந்தது.

"அய்யய்யோ" என்று இன்னும் ஒன்றரை பீட்ரூட்டைப் போட்டார். கத்திரிப்பூ நிறம் ஆயிற்று. அந்தப் பதற்றத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். உப்பைக் குறைக்கத் தண்ணீர் ஊற்ற, குழம்பு ரசமாகிவிட்டது. அதைக் கெட்டியாக்க மூன்று பீட்ரூட்டை வேகவைத்து மசித்துக் கொட்ட, சட்டி போதாமல் அண்டாவுக்கு மாற்றினார். மூன்று பேர் சாப்பாடு முப்பது பேருக்கு ஆகிவிட்டது.

மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று தயிர்ச்சோற்றுக்குத் தாவினார். மனைவி மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார் ஃபிரேம்காரர்.

"நல்லா இருக்குங்க. நீங்களும் உக்காருங்க."

சாயங்காலம் குளியலறைக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

போய்ப் பார்த்தார். சிவப்பு. சிறுநீர் செக்கச் செவேலென்று சிவப்பு. ஃபிரேம்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, ரத்தம்! நானே கொன்னுட்டேனே உன்னை!"

"பீட்ரூட்டா இருக்கும்ங்க."

"நீ பேசாத! அஞ்சு வருஷம் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னவதானே நீ?"

"அப்பவே சொன்னேனே, கஞ்சின்னு!" என்று மச்சான் கூடத்திலிருந்து ஒத்து ஊதினார்.

டாக்டரிடம் காட்ட அத்தாட்சி வேண்டும் என்று ஃபிரேம்காரர் சட்டத்தைப் பிடித்து இழுத்தார். ஆணியோடு சுவர்ப் பூச்சும் பெயர்ந்து அண்டாவுக்குள் விழுந்தது. குழம்பு தெறித்து அவர் வெள்ளைச் சட்டை நாசமாயிற்று.

அப்போதுதான் மனைவியின் முகம் மாறியது. அதுவரை அவளிடம் பதற்றமே இல்லை. "அத எதுக்குங்க எடுக்கறீங்க? வச்சிட்டு வாங்க. சொன்னா கேளுங்களேன்!"

அவர் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. ஒரு கையில் மனைவி, இன்னொரு கையில் சட்டம், சட்டையெல்லாம் சிவப்பு. கிளினிக் வாசலில் நின்ற காவலாளி முதலில் அவரைத்தான் தாங்கிப் பிடித்தார்.

மனைவியை டாக்டர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். ஃபிரேம்காரர் வெளியே பெஞ்சில் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது. நல்லாயிருந்த காலத்தில் ஒரு நாளாவது அவள் சூடாகக் காபி குடித்துப் பார்த்திருக்கிறோமா? எல்லாருக்கும் கொடுத்துவிட்டு ஆறிப்போனதைத்தான் நின்றபடி குடிப்பாள்.

கால் மணி நேரத்தில் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். "அண்ணே, ரத்தமெல்லாம் இல்ல. பீட்ரூட் நிறைய சாப்பிட்டா சில பேருக்கு அப்படித்தான் போகும். எத்தனை போட்டீங்க?"

"அஞ்சு" என்றார். உயிர் திரும்பி வந்தது.

"அது என்ன மடியில?" என்று சட்டத்தை வாங்கிப் பார்த்தவள் புருவத்தைத் தூக்கினாள். "இந்தத் தாளையா கண்ணாடி போட்டீங்க? அப்ப பின்பக்கத்த எப்படிப் படிப்பீங்க?"

"பின்பக்கமா?"

நர்ஸ் மேசை இழுப்பறையைத் திறந்து அதே மாதிரித் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். 'ஆறு வாரம் இப்படி இருங்கள். வலி அடங்கியதும், விட்டதை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விடுங்கள்.'

ஃபிரேம்காரர் அதை இரண்டு தடவை படித்தார். ஆறு வாரத்தை இரண்டு வருஷமாக்கி, அதையும் தன் கையாலேயே பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்.

"பாவி நான்" என்றார். "அவளுக்குக் காபின்னா உசிரு, சிஸ்டர். இத எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்ட சொல்லுவேன்?"

நர்ஸ் டாக்டர் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க சொல்லவே வேணாம்ணே, அக்கா ரெண்டு வருஷம் முன்னாடி, நீங்க ஒட்டின மறு வாரமே வந்து இன்னொரு தாள் வாங்கிப் படிச்சிட்டாங்க. 'அவர்கிட்ட மூச்சு விட்றாதீங்க சிஸ்டர், காபி போனாப் போகட்டும், கல்யாணம் ஆன நாள்லேருந்து இப்பத்தான் என்னை உக்கார வச்சு, உப்பு சரியா இருக்கான்னு கேக்கறாரு'ன்னாங்க."